டிராம் பெட்டிக்கு நான் சொன்ன நிறம்

அந்தப் பெட்டி எங்கள் வீட்டு வளவுக்கு வந்த நாளில் நான் அங்கே இல்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று விட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

பெட்டி என்று நான் சொல்வது டிராம் வண்டியை. ஒரு காலத்தில் கொழும்புத் தெருக்களில், மேலே போகிற கம்பியில் மின்சாரம் எடுத்து, தண்டவாளத்தில் ஓடின வண்டி. அந்த ஓட்டத்தை நிறுத்தியபோது வண்டிகளைக் கழற்றி விற்றார்கள். என் மாமனார் அப்போது நீர்வேலியிலிருந்து கொழும்புக்கு வாழைக்குலை அனுப்புகிறவர். அவருக்கு ஒன்று வாய்த்தது. சில்லும் இல்லை, இயந்திரமும் இல்லை, வெறும் மரப்பெட்டி. சாமான் ஏற்றுகிற ரயில் கோச்சியில் யாழ்ப்பாணம் வரைக்கும் வந்து, அங்கிருந்து இரண்டு மாட்டு வண்டில்களைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் ஏற்றிக் கொண்டுவந்தார்களாம். ஒழுங்கையின் அகலம் போதாமல் இரண்டு பக்கத்து வேலியையும் பிரித்தார்களாம். ஒரு பலாமரத்தின் கிளையை வெட்டினார்களாம். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் மாமனார் கற்கண்டு கொடுத்தாராம்.

எல்லாம் ‘ஆம்’தான். நான் உடுவிலில் பிறந்து வளர்ந்தவள். பெட்டி வந்து இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் கலியாணம் முடித்து இந்த வளவுக்கு வந்தேன். நான் வந்தபோது பெட்டி பச்சை நிறத்தில் நின்றது. உள்ளே கொக்கிகளில் குலைகள் தொங்கின. கதவைச் சாத்தி, பானையில் தேங்காய்ப் பொச்சுமட்டையை மூட்டிப் புகை போட்டால் கதலி, இதரை, கப்பல் எதுவானாலும் ஒரே சீராகப் பழுத்து வரும். மற்றவர்கள் பழுக்க வைக்க மண்ணில் கிடங்கு வெட்டிக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்க, நாங்கள் நின்றபடி கதவைத் திறந்து குலை எடுத்தோம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆனால் ஒழுங்கையில் பெண்கள் நாலு பேர் கூடினால் பெட்டி வந்த நாளைப் பற்றித்தான் பேச்சு. மாடு முரண்டு பிடித்ததும், பலாக்கிளை யார் தலையிலோ விழப் பார்த்ததும். நான் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். “நீர் அப்ப இஞ்சை இல்லைத்தானே” என்று யாராவது ஒருத்தி சொல்லி முடிப்பாள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. எத்தனையோ தடவை கேட்ட கதையை, எனக்குப் பின்னால் வந்த மருமகள்மாருக்கு நானே சொல்லத் தொடங்கினேன். முதலில் ‘ஆம்’ போட்டுத்தான் சொன்னேன். எந்த இடத்தில் ‘ஆம்’ விழுந்துபோனது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் என் மனிசன் சாப்பிட்டுக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுப் புதுப்பெண்ணிடம், “மாடு முரண்டு பிடிச்ச நேரம் நாங்கள் எல்லாரும் அங்காலை ஓடினம்” என்று சொல்லிவிட்டேன். மனிசன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகும் முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டே இருந்தார். அவர் போய் இன்றைக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல். அப்போதே ஒரு சொல் அதட்டியிருந்தால் எனக்கு இந்தக் கிலேசம் வந்திருக்காது.

பெட்டியைக் கேட்டு வந்தவர்கள் ரயில் நூதனசாலைக்காரர். ஸ்டேஷன் பக்கத்தில் பழைய சாமான் கொட்டில் ஒன்றைத் திருத்தி, பழைய வண்டிகளை ஆட்கள் வந்து பார்க்கிற நூதனசாலை ஆக்குகிறார்களாம். முன்னுக்கு நின்றவர் ரயில்வேயில் எஞ்சினியராக இருந்து இளைப்பாறினவர். அறுபத்தைந்து வயது வரும். என் வயதுக்கு அவர் தம்பிதான். கூட ஒரு பெண்பிள்ளை, பல்கலைக்கழகக் கம்பசில் படித்தவள், எதைக் கண்டாலும் கொப்பியில் எழுதுகிறவள். மரவேலைக்குக் குருநகரிலிருந்து ஒரு ஓடாவியார். வள்ளம் கட்டின கை.

“அம்மா, இதின்ரை பெறுமதி உங்களுக்குத் தெரியுமோ?” என்றார் எஞ்சினியர்.

“தெரியாமலோ? கொக்கிக்கு ரெண்டு மூண்டெண்டு ஒரு முறைக்கு அறுபது குலை பழுக்கும்.”

“அதைச் சொல்லேல்லை அம்மா. உப்பிடி ஒண்டு இனி எங்கை கிடைக்கும்?”

“அதுதான் தம்பி நானும் கேக்கிறன். எனக்கு இனி எங்கை கிடைக்கும்?”

ஓடாவியார் சிரித்துவிட்டார். எஞ்சினியர் சிரிக்கவில்லை.

பிறகு நான் கொடுத்தேன். மகன் தோட்டத்தைக் குறைத்துவிட்டான், கூரைத் தகரமும் உக்கிவிட்டது. சண்டைக்காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலை கூட இல்லை, பெட்டி மட்டும் நின்றது. அப்படி நின்றதை மழையில் விழவிட எனக்கு மனம் வரவில்லை. கொண்டுபோய் வையுங்கோ என்றேன். கொண்டுபோகமாட்டார்களாம். மூட்டுகளை இறுக்காமல் தூக்கினால் பிரிந்துபோகுமாம். ஆகவே திருத்தவேலை முழுக்க எங்கள் வளவிலே, என் கிணற்றடிக்கும் மாமரத்துக்கும் நடுவிலே.

அன்றிலிருந்து தொடங்கியது ஆக்கினை. பெட்டியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். என் வளவில், என் பெட்டிக்குள் போக நான் கேட்டுப் போகவேண்டும். புகை ஒட்டறையைத் துடைப்போம் என்று பழந்துணி எடுத்தால், “தொடாதேங்கோ அம்மா, கறுப்பிலையும் வரலாறு இருக்கு” என்று அந்தப் பிள்ளை ஓடிவருவாள். நாலு நாள் கழித்து அதே கறுப்பைச் சவர்க்காரம் போட்டு அவர்களே கழுவினார்கள். ஒவ்வொரு ஆணியையும் சின்னச் சின்னப் பையில் போட்டு எழுதி வைத்தார்கள், துருப்பிடித்து வளைந்ததையும் கூட. நான் மாமரத்தடியில் உட்காருகிற வாங்கும் அந்தப் பெட்டியின் இருக்கைதான். சாய்மானத்தைப் பிடித்துத் தள்ளினால் மறுபக்கம் புரளும். டிராம் திரும்பாதாம். முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடுமாம். ஆட்கள்தான் சாய்மானத்தைப் புரட்டிப்போட்டு இருப்பார்களாம். அதையும் கேட்டார்கள், கொடுத்தேன். எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை தந்தார்கள். அது மணலில் புதைகிறது.

தேத்தண்ணி மட்டும் ஒரு நாளைக்கு மூன்று தரம் என் அடுப்பில்தான்.

உண்மையைச் சொன்னால் கேட்கமாட்டார்கள். அதுதான் பெரிய எரிச்சல். ஒருநாள் அந்தப் பிள்ளை உள்ளே நின்று கத்தினாள்.

“ஐயா, இஞ்சை வந்து பாருங்கோ! ஆக்கள் பிடிச்சு நிக்கிற வார் தொங்கவிட்ட கொக்கி! இருபத்துநாலும் அப்பிடியே இருக்கு!”

“பிள்ளை, உது குலைக் கொக்கி” என்றேன் வெளியே நின்று.

“ஓம் அம்மா, நீங்கள் பிறகு குலைக்குப் பாவிச்சிருப்பியள். முதல் வாருக்குப் போட்டது.”

“முதலும் குலைக்குத்தான். உதிலை ரெண்டு உடைஞ்சு, என்ரை கண்ணுக்கு முன்னாலை கொல்லன் புதுசு அடிச்சவன். மற்றதெல்லாம் முதல் அடிச்சதும் அவன்தான்.”

எஞ்சினியர் கண்ணாடியைத் துடைத்தார். “பழைய மாதிரியைப் பாத்து அடிச்சிருப்பார் அம்மா. பாருங்கோ, வெளியாலை தகடு போட்டு, சுவருக்குள்ளாலை போல்ட் விட்டு எவ்வளவு வடிவா இறுக்கியிருக்கு. உது தொழிற்சாலை வேலை.”

“கொல்லன் கேட்டால் சந்தோசப்படுவான்.”

“ஆர் அவர்? இருக்கிறாரோ?” என்று அந்தப் பிள்ளை கொப்பியைத் திறந்தாள்.

“செத்து முப்பது வருசம்.”

அவள் கொப்பியை மூடினாள். ஓடாவியார் அந்தக் கொக்கி ஒன்றைக் கையால் எட்டிப் பார்த்தார். எட்டவில்லை.

“அந்தக் காலத்துக் கொழும்பாக்கள் நல்ல உயரம் போலை” என்றார்.

எஞ்சினியர் அதையும் கேட்காத மாதிரி இருந்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் செருப்புத் தைக்கிற ஒருவரிடம் இருபத்துநாலு தோல்வார் தைக்கக் கொடுத்தார். கொக்கியையும் தகட்டையும் யாரும் கழற்றக்கூடாது என்று கட்டளை வேறு. ஆதிச் சாமானாம்.

இப்படி உண்மையெல்லாம் காற்றில் போக, நான் சொன்ன ஒரு பொய்யைத்தான் பொன்போலப் பொத்தி வைத்துக்கொண்டார்கள்.

“அம்மா, முக்கியமான ஒரு கேள்வி” என்றார் எஞ்சினியர் ஒருநாள். “படங்கள் இருக்கு, எல்லாம் கறுப்பு வெள்ளை. உங்கடை ஆக்கள் பழைய பெயின்ற்றை எரிச்சுச் சுரண்டிப்போட்டுப் பச்சை அடிச்சிருக்கினம் போலை. வேறை ஒண்டும் மிச்சமில்லை. இல்லாட்டி முதலே பச்சையோ தெரியேல்லை. பெட்டி வந்த அண்டைக்கு என்ன நிறம்?”

பிள்ளை போனை நீட்டிப் பிடித்தாள். என் வாயிலிருந்து வருவதற்காக மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓடாவியார் கூட உளியைக் கீழே வைத்துவிட்டார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். படித்தவர்கள் என் சொல்லுக்குக் காத்து நிற்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

“பச்சை” என்றேன்.

“கண்ணாலை கண்டனீங்களோ?”

“காணாமலோ? ஒழுங்கை முழுக்கச் சனம் நிண்டது. நானும் நிண்டனான்.”

அன்று பின்னேரமே வேலிக்கு மேலால் தலை வந்தது. அது என் மச்சாள். மனிசனின் தங்கை, என்னிலும் பத்துப் பதினொரு வயது இளையவள். பக்கத்து வளவில்தான் இருக்கிறாள். கறிவேப்பிலை, உப்பு, ஊர்க்கதை எல்லாம் எங்களுக்குள் அந்த வேலிக்கு மேலால்தான் போய் வரும்.

“என்ன மச்சாள், பச்சை எண்டு சொன்னியளாம்?”

“ஓம்.”

“சிவப்பெல்லோ!”

“உமக்கென்ன தெரியும்?”

“அண்ணையின்ரை தோளிலை இருந்து பாத்தனான். சிவப்பு.”

நான் கோழிக்குத் தவிடு குழைக்கப் போய்விட்டேன்.

அடுத்த நாள் அந்தப் பிள்ளை மச்சாளிடமும் போய்க் கேட்டிருக்கிறாள். சிவப்பு என்று மச்சாள் சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் நினைத்திருந்தால் ஒரு சொல்லில் என்னை முடித்திருக்கலாம். ‘மச்சாள் அப்ப உடுவிலிலை எல்லோ’ என்றால் போதும். சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டாள் என்பது அப்போதே எனக்கு விளங்கியது. விளங்கினபடியால்தான் இன்னும் கோபம் வந்தது. இது என்ன குணமோ.

எஞ்சினியர் திரும்ப என்னிடம் வந்தார். “ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்லுறியள், அம்மா.”

“அவவுக்கு அப்ப முன்பல்லு விழுந்து முளைக்கேல்லை, தம்பி. பால்குடிப் பிள்ளைக்கு நிறம் தெரியுமோ? கோயில் யானையையும் சிவப்பெண்டு சொல்லுவா.”

அவர் சிரித்தார். பச்சை என்று முடிவாகிவிட்டது. நான் சொன்னது வேலிக்கு அங்காலே கேட்டிருக்கும். என் குரல் எப்போதும் கொஞ்சம் பெரிதுதான்.

அன்றிலிருந்து மச்சாளின் தலை வேலிக்கு மேலால் வரவில்லை. முதல் நாள், தலையிடியாக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் நானே கறிவேப்பிலை கேட்டுக் கூப்பிட்டேன். பேரன் கொண்டுவந்து வேலியில் செருகிவிட்டுப் போனான். மூன்றாம் நாள் அவள் முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்டது. விளக்குமாறு மட்டும் கேட்டது, அவள் கேட்கவில்லை. அறுபது வருடமாக அவள் பேச்சுக் கேட்காத காலை என்று எனக்கு ஒன்றும் நினைவில்லை. இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கிடந்தபோதும், ஒரு சேலையை நடுவில் தொங்கவிட்டு அதற்கு மேலால் கதைத்துக்கொண்டிருந்தோம்.

இதற்குள் பச்சைப் பெயின்ற் பத்து வாளி வந்து மாமரத்தடியில் இறங்கிவிட்டது. திங்கட்கிழமை அடிக்கத் தொடங்குவதாகப் பேச்சு.

சனிக்கிழமை அந்தப் பிள்ளை ஒரு தாளோடு வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிற பலகையில் எழுதப்போவதாம். “வாசிக்கட்டோ அம்மா?” என்றாள்.

“தா இஞ்சை. எனக்கு வாசிக்கத் தெரியும்” என்றேன். வீம்பு.

தாளைத் தூரப் பிடித்து எழுத்துக் கூட்டினேன். இவ்வண்டி. இங்கு. வந்து சேர்ந்த நாளில். அதனை. நே, ரி, ல். நேரில். கண், ட, வ, ரி, ன். படித்தவர்களுக்குப் பொய்யும் மெய்யும் கண்ணில் பட்டவுடன் ஓடிப்போய்விடும். எனக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு எழுத்தாக வாயில் வைத்து மென்றுதான் விழுங்கவேண்டும். ‘நேரில் கண்டவரின் வாய்மொழியின்படி, ஆதி நிறமான பச்சை மீண்டும் பூசப்பட்டுள்ளது.’ நான் முடிக்கும்போது தேத்தண்ணி ஆறிவிட்டது. அந்தப் பிள்ளை பொறுமையாக நின்றாள். அவள் பொறுமை இன்னும் குத்தியது.

“பிள்ளை, நான் நேரிலை காணேல்லை” என்றேன்.

“என்னம்மா?”

“பெட்டி வந்த அண்டைக்கு நான் இஞ்சை இல்லை. உடுவிலிலை. கண்டவை சொன்ன கதையைக் கேட்டுச் சொன்னனான். நிறம் எனக்குத் தெரியாது.”

அவள் எஞ்சினியரைக் கூப்பிட்டாள். எஞ்சினியர் வந்து, நோயாளியிடம் கதைக்கிற மாதிரி மெல்லமாகக் கதைத்தார்.

“அம்மா, பலகையிலை போடுறது கூச்சமா இருக்கோ? பேர் ஒண்டும் போடேல்லை.”

“கூச்சமில்லைத் தம்பி. பொய்.”

“வயசு போகேக்கை எங்களிலையே எங்களுக்குச் சந்தேகம் வரும், அம்மா. முதல் யோசிக்காமல் சொன்னதுதான் சரியா இருக்கும்.”

கொக்கியைப் பற்றி மெய் சொன்னேன், நம்பவில்லை. நிறத்தைப் பற்றிப் பொய் சொன்னேன், நம்பினார்கள். இப்போது பொய் என்ற மெய்யைச் சொல்கிறேன், அதையும் நம்பமாட்டார்களாம்.

“என்ரை கலியாணமே பெட்டி வந்து ரெண்டு வருசத்துக்குப் பிறகு!”

“உடுவில் என்ன தூரமே அம்மா? அதுக்கு முதலும் பாக்க வந்திருப்பியள்தானே.”

“தம்பி! உடுவில் பொம்பிளைப் பிள்ளை, கலியாணத்துக்கு முதல் மாப்பிள்ளை வீட்டு ஒழுங்கையிலை வந்து நிண்டவள் எண்டு பலகை அடிச்சு வைக்கப் போறியளோ?”

ஓடாவியார் பெட்டிக்குள் இருந்து இருமினார். அது இருமல் இல்லை. எஞ்சினியரின் முகம் சிவந்துவிட்டது.

“அப்ப என்ன நிறமெண்டுதான் சொல்லுறியள்?”

“எனக்குத் தெரியாது எண்டுதானே சொல்லுறன்!”

“வேறை ஆதாரம் இல்லையே அம்மா. எல்லாத்தையும் எரிச்சுச் சுரண்டியிருக்கு.”

நான் பெட்டியைப் பார்த்தேன். அறுபது வருடம் பார்த்த பெட்டி. கூரைக்குக் கொஞ்சம் கீழே, வெளிச்சுவரில் வரிசையாகக் கொக்கித் தகடுகள். மற்ற இடமெல்லாம் சுரண்டி மரம் தெரிய, தகடுகளில் மட்டும் கை வைக்காமல் விட்டிருந்தார்கள், ஆதிச் சாமான் என்று. தகட்டின் மேலும் நட்டுகளின் மேலும் பழைய பச்சை கட்டிபட்டு நின்றது. நட்டின் மேலே பச்சை ஏறினதென்றால் தகடு முதல், பச்சை பிறகு. என் மனிசனுக்கு அவசரம் என்றால் எப்படி வேலை செய்வார் என்று எனக்குத் தெரியும். கழற்றியிருக்கமாட்டார். சுற்றிச் சுரண்டி, மேலால் தடவி விட்டிருப்பார்.

நான் உள்ளே போய், தண்ணி இறைக்கிற மெசினுக்கு வைத்திருக்கிற பெரிய ஸ்பானரை எடுத்துவந்தேன்.

“ஓடாவியார், அந்தத் தகட்டிலை ஒண்டைக் கழற்றும்.”

“அம்மா, தொடக்கூடாது! அது ஆதி—” என்று எஞ்சினியர் கையைத் தூக்கினார்.

“பெட்டி இன்னும் என்ரை வளவிலைதான் நிக்குது. கழற்றும்.”

ஓடாவியார் எஞ்சினியரைப் பார்க்கவில்லை. ஏணியை எடுத்து வைத்தார். நட்டு அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டோம். ஊறும்வரைக்கும் காத்திருந்தோம். அந்த நேரத்தில், தகட்டுக்குக் கீழே பச்சையே இருந்துவிட்டால் நல்லது, என் பொய் மெய்யாகிவிடும் என்று என் மனதின் ஒரு மூலையில் ஆசை இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நட்டு கிறீச்சிட்டுத் திரும்பியது. ஓடாவியார் தகட்டை உளியால் நெம்பினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, ஏறி வாங்கோ” என்றார்.

எஞ்சினியர் ஏறினார். பிறகு அந்தப் பிள்ளை ஏறினாள். என்னை ஏற விடவில்லை. ஆனால் கீழே நின்றே எனக்குத் தெரிந்தது. ஒரு உள்ளங்கை அளவு இடம். செவ்வாழைப் பழத்தின் தோல் நிறம். நேற்று அடித்தது மாதிரி மினுங்கியது. அதன் நடுவால் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு.

“அப்ப தகடு...” என்றார் எஞ்சினியர். “ஆதி நிறத்துக்கு மேலை போட்டிருக்கு. அப்ப தகடு பிறகு வந்தது. அப்ப கொக்கி...”

“குலைக் கொக்கி” என்றேன்.

“இருபத்துநாலு வார் தைச்சாச்சு” என்றார் ஓடாவியார், யாரையும் பார்க்காமல்.

நான் வேலியடிக்குப் போனேன். கூப்பிடுவதற்கு முதல் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன்.

“மச்சாள்!”

அங்காலே விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

“மச்சாள், ஒருக்கால் வாரும். உம்மை ஒரு விசயம் கேக்க வேணும்.”

“என்னைக் கேட்டு என்ன? எனக்குப் பல்லு முளைக்கேல்லை” என்று குரல் மட்டும் வந்தது.

“அது நான் சொன்ன பிழையான கதை. வாரும்.”

என் வாழ்நாளில் ‘பிழை’ என்ற சொல்லை அந்த வேலிக்கு மேலால் நான் அனுப்பியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பிறகு வேலிப்படலை திறந்தது. மச்சாள் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தாள். நல்ல சேலை மாற்றியிருந்தாள். அதற்குத்தான் சுணங்கியது.

எஞ்சினியர் ஆதாரம் சரி பார்க்கிற ஆள். தகடு கழற்றின இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு, ஏணியில் நின்றபடியே கேட்டார்.

“அம்மா, நீங்கள் கண்டது என்ன நிறம்?”

“முதலே சொன்னனே. சிவப்பு. செவ்வாழைத் தோல் மாதிரி. மேலை ஒரு மஞ்சள் கோடு.”

“கோடு எவ்வளவு உயரத்திலை?”

“இறக்கி வைக்கேக்கையும் அண்ணையின்ரை தோளிலை இருந்தனான். அப்ப என்ரை கண்ணுக்கு நேரை. நீங்கள் கை வைச்சிருக்கிற இடத்திலைதான் இருக்க வேணும்.”

அவர் கையை எடுத்தார். மச்சாள் பார்த்தாள். அவளுக்குக் கண்ணில் புரை, அவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிந்திருக்காது. தெரிந்த மாதிரித் தலையை ஆட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“கோயில் யானை என்ன நிறம் மச்சாள்?”

மாமரத்தடியில் மூடி வைத்திருந்த வாங்கின் மேலிருந்து பொலித்தீனை இழுத்து எறிந்தேன். அந்தப் பிள்ளை தடுக்க வந்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். மச்சாளை அதில் இருத்தினேன். நானும் பக்கத்தில் இருந்தேன். பிளாஸ்டிக் கதிரை மணலிலே கிடக்கட்டும்.

பச்சை வாளிகளைத் திருப்பிக் கொண்டுபோக லொறி வரவேண்டும். அதைப் பற்றி எஞ்சினியர் போனில் யாரோடோ நீளமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். இடைக்கிடை என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். ஓடாவியார் ஒவ்வொரு தகடாகக் கழற்றத் தொடங்கினார். கொக்கிகளை என் காலடியில் கொண்டுவந்து போட்டார். அவை எனக்கு வேணும். குலை பழுக்க வைக்க மகன் ஒரு அறை கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

அந்தப் பிள்ளை புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டி, மச்சாளுக்கு முன்னால் மணலில் இருந்தாள்.

“முதலிலை இருந்து சொல்லுங்கோ அம்மம்மா.”

இரண்டு மாதமாக நான் அவளுக்கு வெறும் ‘அம்மா’. மச்சாள் ஒரு நிமிடத்தில் ‘அம்மம்மா’ ஆகிவிட்டாள்.

மச்சாள் சேலையை இழுத்துச் சரி செய்தாள். பொல்லை மடியில் வைத்தாள். “எட்டு மாடு பூட்டினது” என்று தொடங்கினாள். நான் கேட்ட கதையில் நாலு மாடுதான். “ஒழுங்கை முடக்கிலை திரும்பேலாமல் ஒரு பகல் முழுக்க நிண்டது.” அப்படி நான் கேள்விப்படவில்லை. “பெட்டிக்குள்ளை ஒருத்தன் நிண்டு கோயிலடியிலை இருந்து மணி அடிச்சுக்கொண்டே வந்தவன். டாங், டாங் எண்டு.”

மணியா? அறுபது வருடத்தில், இந்த ஒழுங்கையில் எத்தனையோ வாயால் கேட்ட கதையில் மணி இருந்ததே இல்லை. என் வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது. அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“மணியும் அடிச்சதோ அம்மா?”

மச்சாளும் திரும்பி என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

“எனக்கெப்பிடித் தெரியும் பிள்ளை?” என்றேன். “நான் அப்ப உடுவிலிலை. உவவைக் கேள்.”